கண்மாய் வண்டலில் கிடைத்த கோடாலிக் கல்: விற்பதா, ஒப்படைப்பதா?

கேள்வி: "எனக்குக் குன்றக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். கோடையில் கண்மாய் உள்வாயில் வண்டல் அள்ளி ஒன்றரை ஏக்கர் புஞ்சையில் கொட்டினேன். மண்ணைப் பரப்பும்போது கருப்பாக, வழவழப்பாக ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கையைவிடச் சற்று நீளம். ஒரு முனை கூம்பியும், மறுமுனை அகன்று கோடாலி வாய் போலத் தேய்ந்தும் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் 'இடி விழுந்த கல், வீட்டில் வைத்துக் கும்பிடு' என்கிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, 'பல லட்சம் போகும், சோதனைக் கட்டணமாக நாற்பதாயிரம் மட்டும் கட்டுங்கள்' என்கிறார். அதே வண்டலில் பானை ஓடுகளும் நிறைய வருகின்றன. இதனால் நிலத்துக்குக் கெடுதலா? கல்லை என்ன செய்வது?"

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். வாங்க வருகிறவர் விற்கிறவரிடம் பணம் கேட்டால் அது வியாபாரம் இல்லை. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று சொல்லி விவசாயிகளிடம் லட்சக்கணக்கில் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் முதல் படி 'சோதனைக் கட்டணம்'தான்.

இனி, அது என்ன கல் என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தையும் விவரத்தையும் வைத்துப் பார்த்தால், அது புதிய கற்காலத்துக் கைக்கோடாலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி சொல்ல வேண்டியவர்கள் தொல்லியல் துறையினர். ஆனாலும் எந்த விவசாயியும் ஓரளவு தானே பார்த்துக்கொள்ள அடையாளங்கள் உண்டு.

ஆற்றுக் கூழாங்கல் எல்லாப் பக்கமும் உருண்டு தேய்ந்திருக்கும். அதற்கு வாய் இருக்காது. அம்மிக் குழவியின் இரு முனையும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். கற்கோடாலி அப்படி இல்லை. இரண்டு முகமும் ஒன்றுபோல் சரிந்து வந்து ஒரு முனையில் மெல்லிய வாயாகச் சேரும். இன்னொரு அடையாளம் கல்லின் இனம். நம் பகுதி செம்புராங்கல்லும் சரளையும் உள்ள செம்மண் பூமி. அதில் பொடிமணியாக, இறுக்கமாக, கருப்பாக ஒரு கல் தனியே கிடந்தால் அதை யாரோ வேறிடத்திலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

இடி விழுந்து கல் உண்டாகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை. ஐரோப்பாவிலும் இதே கற்களை இடிக்கல் என்று வீட்டில் வைத்திருந்தார்கள். உண்மையில் இது கைவேலை. கல்லைச் சில்லுச் சில்லாக உடைத்து உருவாக்கி, கொத்திச் சமப்படுத்தி, பாறையில் நீரும் மணலும் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மரக்காம்பில் பொருத்திக் காடு வெட்டவும் மண்ணைக் கொத்தவும் பயன்படுத்தினார்கள். இரும்பு பரவலாகும் முன்பு, இங்கே முதன்முதலாகப் பயிர் வைத்தவர்களின் கருவி இது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, இத்தகைய கற்கோடாலி மக்கள் வாழ்ந்த மண்ணடுக்கில் கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. நாம் இன்றும் மானாவாரியில் விதைக்கிற அதே பயறுகள்தான்.

உங்களுக்கு நேர்ந்தது போலவே ஒன்று 2006-ஆம் ஆண்டில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன்கண்டியூரில் நடந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி எடுத்தார். இரண்டு கற்கோடாலிகள் வந்தன. அவர் அவற்றை விற்கவில்லை, பூசையிலும் வைக்கவில்லை. தொல்லியல் துறையில் பணியாற்றிய நண்பரிடம் காட்டினார். அங்கிருந்து கற்கள் சென்னைக்குப் போயின. ஒரு கல்லில் சில குறிகள் கீறப்பட்டிருந்தன. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் பார்த்து, சிந்துவெளி எழுத்துகள் நான்கு இருப்பதாகச் சொன்னார். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு, வாதம் முடியவில்லை. ஆனால் அப்படி ஒரு வாதம் நடக்கவே காரணம், அந்தக் கல் எந்த ஊரில், எந்தக் கொல்லையில், எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இருந்ததுதான். பிறகு அந்த ஊரிலேயே தொல்லியல் துறை அகழாய்வும் செய்தது. அதே கல் நாலு கைமாறி ஒரு பழம்பொருள் கடைக்குப் போயிருந்தால், 'எங்கேயோ கிடைத்த கல்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருந்திருக்காது.

இதை மண் பரிசோதனையோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். சர்வே எண், பயிர், ஆழம் எதுவும் எழுதாமல் ஒரு பை மண்ணை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் கார அமில நிலை வரும், சத்து அளவு வரும். ஆனால் எந்த வயலுக்கு எவ்வளவு உரம் போடுவது என்று சொல்ல முடியாது. பழம்பொருளும் அப்படித்தான். குன்றக்குடி மலைக் குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டு பாறையிலேயே இருப்பதால் தன் இடத்தைத் தானே காட்டிக்கொள்கிறது. உங்கள் கையிலுள்ள கல்லுக்கு அந்த வசதி இல்லை. அதன் முகவரி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் உங்கள் புஞ்சை அல்ல. கண்மாயில் வண்டல் எடுத்த இடம்தான் அதன் முகவரி.

பொருளை ஒட்டியிருக்கும் மண்ணும் அதே அளவுக்கு முக்கியம். பழனிக்கு அருகே பொருந்தலில் 2009-10-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் கொண்ட சாடிக்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என்று பகுப்பாய்வில் தெரிந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தாழி கிடைத்ததும் யாராவது மண்ணைக் கொட்டிவிட்டு உள்ளே கழுவியிருந்தால் நமக்கு ஒரு பானைதான் மிஞ்சியிருக்கும். நெல்லின் வயது போயிருக்கும்.

அடுத்து, ஓடுகளால் நிலத்துக்குக் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பெரிய துண்டுகள் ரோட்டவேட்டரில் மாட்டும், களை வெட்டுபவர்களின் காலைக் கிழிக்கும், அவ்வளவுதான். சொல்லப்போனால், மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த மேட்டு மண்ணில் சாம்பலும் எலும்பும் சாணமும் மட்கிக் கிடப்பதால் மணிச்சத்து கூடுதலாக இருக்கும். அந்த மணிச்சத்து அளவை வைத்தே பழைய குடியிருப்புகளைத் தேடும் முறையும் தொல்லியலில் உண்டு. வளமான மண் என்று ஊர் மேடுகளை நாம் வெட்டி அள்ளுவதும் இதனால்தான். அப்படித்தான் பல மேடுகள் காணாமல் போயின. வண்டல் வேண்டுமானால் அனுமதி பெற்ற அளவுக்குக் கண்மாய் உள்வாயில் அள்ளுங்கள். ஓடு குவிந்து கிடக்கும் மேட்டை விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கல்லைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள்; எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள்.

2. தீப்பெட்டியோ அளவுகோலோ பக்கத்தில் வைத்து இரு முகமும் வாய்ப்பக்கமும் தெரிய மூன்று படம் எடுங்கள்.

3. கண்மாயின் பெயர், மடைக்கோ கலுங்குக்கோ எவ்வளவு தூரத்தில் வண்டல் எடுத்தீர்கள், எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். டிராக்டர் ஓட்டியவரிடமும் கேளுங்கள்.

4. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அங்கே தோண்டித் தேடாதீர்கள். ஜேசிபி வாளியில் தாழியோ எலும்போ வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள்.

5. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சிவகங்கை அரசு அருங்காட்சியகத்திலும் காட்டலாம். ஒப்படைக்கும்போது உங்கள் பெயரும் ஊரும் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குரிய பங்கு போகும். ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, பழம்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'ஃபாரின் பார்ட்டி இருக்கிறது' என்று சொல்கிறவர் உங்களையும் குற்றத்தில் சேர்க்கப் பார்க்கிறார் என்றே பொருள்.

நீங்கள் எழுதாவிட்டாலும் மனதில் இருக்கும் பயம் ஒன்று எனக்குத் தெரியும்: 'சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ?' ஒற்றைக் கல்லுக்காக யாரும் நிலத்தை எடுப்பதில்லை. ஓர் இடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டால் சுற்றிலும் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு வரும் என்பது உண்மை. அதற்கு அரசின் முறையான அறிவிப்பு வேண்டும். ஆட்சேபம் சொல்லவும் வழி உண்டு. நம் மாவட்டத்துக் கீழடியையே பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறை அங்கே வேலையைத் தொடங்கியது தனியார் தென்னந்தோப்புகளில்தான். தோண்டி ஆய்ந்த குழிகள் பலவும் மறுபடி மூடப்பட்டன. ஊர் மேடு அழியாமல் கிடைத்ததற்கு, யாரும் அதை வெட்டிச் சமப்படுத்தாமல் தோப்பாகவே வைத்திருந்ததும் ஒரு காரணம். அங்கே கிடைத்த பொருள்களை 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் இன்று பார்க்கலாம்.

உங்கள் கல்லுக்குச் சந்தை விலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கண்மாய்ப் பகுதியில் இரும்புக்கு முன்பே ஒருவர் காடு திருத்தினார் என்று சொல்லக்கூடிய சாட்சியாக அது இருக்கலாம். முகவரியோடு கொடுத்தால்தான் அந்தச் சாட்சி செல்லும். இந்த வாரமே அந்தத் தாளை எழுதி வையுங்கள். மழை வந்து உள்வாய் நிறைந்துவிட்டால் வண்டல் எடுத்த இடத்தைக் காட்ட உங்களாலும் முடியாது.