காதுக்குள் ஓடும் தறி

பல்லடத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டிய நண்பருக்குக் காதில் ஓயாத இரைச்சல். "ரத்த ஓட்டம் பத்தலைங்க" என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'அகூஃபேன்' என்று பேர். பேர் ஒன்று, காரணம் பல. நாடித் துடிப்போடு ஒத்து 'டப் டப்' என்று கேட்டால் ரத்தக் குழாயைச் சந்தேகிக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இவருக்கோ விடாத 'ங்ஙொய்'. கேட்புச் சோதனை செய்த காது டாக்டர், தறிச் சத்தம்தான் காரணம் என்றார். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948 தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் இடம்பெற்றிருந்த தொழில்நோய். ரத்தத்தின்மேல் பழி போட்டால் தறி தப்பித்துக்கொள்கிறது. இன்று அவர் மகன் அதே தறியில் நிற்கிறார், வெறுங்காதோடு. அப்பாவுக்கு மாத்திரை வாங்கும் காசில், மகனுக்குக் காதடைப்பான் வாங்குங்களேன்!