அப்பிரதட்சிண விமானம்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் லட்சமாக ஜனங்கள் மலையை வலம் வருகிற ஊரில், நாங்கள் மட்டும் ஒரு விமானத்தை இடமாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தோம். பாட்டிக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. “அண்ணாமலையாருக்கு எதிர்லயே அப்பிரதட்சிணமாடா?” என்பாள்.

பால்சா கட்டையில் செய்த மாடல் விமானம் சார். காலேஜில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தேன். (பி.காம்.காரனுக்கு எதற்கு ஏர் விங் என்று கேட்காதீர்கள். பரேடு முடிந்ததும் டிபன் உண்டு.) அங்கே ஒட்டிக்கொண்ட பைத்தியம் 2010 கோடை லீவில் ஊருக்கும் வந்தது. ரமணாசிரமம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் சேர, மெம்பர்கள் மூன்று. மைதானம், சமுத்திரம் ஏரி. பேர்தான் சமுத்திரம்; நாங்கள் இறங்கிய மூலையில் கால் நனைக்கத் தண்ணீர் கிடையாது.

இந்த ரகத்துக்கு ரேடியோவெல்லாம் இல்லை. இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள், பதினைந்து மீட்டர், நம் கைப்பிடிக்கு வரும். பிடியை மேலே சாய்த்தால் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். சுற்றுக்கு அஞ்சாறு விநாடி. நடுவில் நிற்பவரும் கூடவே சுற்றணும். கம்பி தொய்ந்தால் கதை முடிந்தது. அதற்காக வெளிப்பக்க இறக்கை நுனியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியிருந்தோம், வட்டத்தை விட்டு வெளியே இழுக்கட்டும் என்று. எரிபொருள்? ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஏறக்குறைய சம பங்கு. எரியாத விளக்கெண்ணெய் எல்லாம் சட்டையில்தான். பேதிக்குக் கொடுத்த வீடு மாதிரி மணத்தோம்.

மூன்று நாள் விசிறியைச் சுண்டிச் சுண்டி விரல் வீங்கியதுதான் மிச்சம். நாலாம் நாள் வேட்டி கட்டின ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். அறுபது வயசிருக்கும். மௌன விரதம், கையில் சிலேட்டு. பாட்டிலை மோந்து பார்த்தார். கம்ப்ரஷன் திருகைக் கொஞ்சம் முறுக்கினார். ஒரே சுண்டு! எஞ்சின் போட்ட கூச்சலில் மயில்கள் சிதறி ஓடின. சிலேட்டில் இங்கிலீஷில் எழுதிக் காட்டினார்: ‘ஈதர் ஆவியாகிவிட்டது. மூடி வை.’

அன்றிலிருந்து அவர் நாலாவது மெம்பர். தினம் சாயங்காலம் வருவார், அவர்தான் ஓட்டுவார், நாங்கள் வாயைப் பிளப்போம்.

ஒரு நாள் பிடியை என்னிடம் நீட்டினார். காலேஜில் என்னை வால் பிடிக்க மட்டும்தான் விட்டிருந்தார்கள். ஏழாவது சுற்றில் மலையும் ஏரியும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தன. விமானம் தரையைப் பார்த்துச் சரிகிறது.

“அப்! அப்!”

கத்தியது அவர்! அந்த அதிர்ச்சியில் நான் அவரைப் பார்க்க, ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியாக ஒட்டிய விமானம் மூக்கு குத்தி மண்ணுக்குள். ஆனால், விமானத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

“எத்தனை நாள் விரதம் சார்?” என்றேன், பயந்துகொண்டே.

சிலேட்டில் 94 என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். எச்சில் தொட்டு அழித்துவிட்டு, 0 என்று போட்டார். அப்புறம் குனிந்து, இறக்கைத் துண்டுகளைத் தன் துண்டிலேயே பொறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் விசா முடிந்து போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. பேசாத மனிதரிடம் பேர் கேட்கத் தோன்றவே இல்லை.

2018-ல் நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர் அணி, ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாவதாக வந்தது. “அஜித்தும் உன்ன மாதிரி பிளேன் விடுவாராமேடா?” என்று மாமா முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

போன வாரம் அலமாரியிலிருந்து எஞ்சினை எடுத்தேன். பழைய விளக்கெண்ணெய் கோந்தாக இறுகி, விசிறி அசைய மாட்டேன் என்றது. மனைவியின் ஹேர் டிரையரைக் காட்டினேன். பத்து நிமிஷம் கழித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றியது. பாட்டி இருந்திருந்தால், வலமா இடமா என்று கேட்டிருப்பாள்.