ஃபேர் நோட்டும் ‘ஃபேர்’ பொண்ணும்

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என் வாட்ஸ்அப்புக்கு வாரம் இரண்டு ஜாதகமாவது வந்துவிடுகிறது. டீச்சருக்கு நிறைய குடும்பங்களைத் தெரியும் என்ற நம்பிக்கை. நட்சத்திரம், படிப்பு, சம்பளம், கூடவே தவறாமல் ஒரு வரி: ‘நிறம் - ஃபேர்’. போன வாரம் வந்த ஒன்றில் ‘வெரி ஃபேர்’. அந்தப் பெண் எம்.இ. படித்தவள். அவள் படிப்புக்கும் மேலே அந்த வரி உட்கார்ந்திருக்கிறது.

என்னிடம் படித்தவர்களுக்கு ‘ஃபேர்’ புதிய சொல் இல்லை. ரஃப் நோட்டில் கிறுக்கியதை அடித்தல் திருத்தல் இல்லாமல் ஃபேர் நோட்டில் எழுதச் சொல்வேனே, அங்கே அதற்குத் ‘தெளிவான, பிழையில்லாத’ என்று பொருள். ரேஷன் கடைப் பலகையில் நியாய விலைக் கடை என்று இருக்கிறதே, அந்த ‘நியாயம்’ ஆங்கிலத்தில் ‘ஃபேர்’தான். கபடியில் ‘அன்ஃபேர்’ என்று சண்டை பிடித்ததும் இதே சொல்லை வைத்துத்தான். ரேங்க் கார்டில் ‘ஃபேர்’ என்று போட்டால் ‘சுமார்’ என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிய அப்பாக்கள்தான் இன்று மகள் ஜாதகத்தில் அதையே பெருமையாகப் போடுகிறார்கள்! (புக் ஃபேர் வேறு சொல், எழுத்து மட்டும் ஒன்று.)

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகு என்றுதான் பொருள். வெளிறிய தோலும் பொன்னிற முடியும்தான் அழகு என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்ததால் நிறமும் அதோடு ஒட்டிக்கொண்டது. அங்கேயே அதை மறுத்தவர்கள் உண்டு. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 127ஆவது சானட், கறுப்பை ‘ஃபேர்’ என்று எண்ணாத பழைய வழக்கத்தில் தொடங்கி, அழகென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கருவிழிக்காரியைக் காட்டி முடிகிறது. நாம் அந்த ஊர் விருப்பத்தைக் கடன் வாங்கி நம் பெண்கள் தலையில் ஏற்றியிருக்கிறோம். நாம் ‘வெரி ஃபேர்’ என்று எழுதும் பெண்ணை லண்டனில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நம் சங்கப் பாட்டில் தலைவியின் அழகு நிறம் மாமை, அதாவது மாந்தளிர் நிறம். பிரிவில் அவள் வெளிறிப்போனால் அது பசலை. அதை நோய் போலத்தான் பாடினார்கள். வள்ளுவர் அதற்கு ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே, 119ஆவது, ஒதுக்கியிருக்கிறார். வெளிறுவதைக் கண்டு அழுத மொழியில் இன்று ‘பொண்ணு நல்ல கலர்’ என்கிறோம். கறுப்பு என்ன, கலர் இல்லையா? இன்னொரு கூத்து ‘வீட்டிஷ்’. நெல் விளைகிற ஊரில் கோதுமை நிறம்!

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களை வரவேற்கச் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க ‘கலரான’ பிள்ளைகளையே பொறுக்குவார்கள். நான் மறுத்துப் பேசினால், ‘போட்டோ நல்லா வரணும் டீச்சர்’ என்பார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை பின்வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏன் என்று ஒருநாளும் கேட்காது. அதற்குக் காரணம் தெரியும்.

1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட, 45 வருடம் விற்றுவிட்டு, ஊர் உலகம் திட்டியதும் 2020இல் ‘ஃபேர்’ என்பதை ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. வியாபாரிக்கு வந்த கூச்சம், பெற்றவர்களுக்கு வரவில்லை.

‘மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களே டீச்சர்’ என்பீர்கள். அவர்கள் அனுப்பும் பையன் ஜாதகத்தில் அந்த வரி இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. கேட்டால் ‘ஆம்பளைக்கு என்ன கலர்’ என்பார்கள். இதைத்தான் நாம் சின்ன வயதில் ‘அன்ஃபேர்’ என்று கத்தினோம். கேட்கிற வீட்டுக்குப் பெண்ணின் போட்டோவை அனுப்புங்கள், ஃபில்டர் போடாமல். அதற்குமேல் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் அந்த வீடு வேண்டாம்.

இனி எனக்கு ஜாதகம் அனுப்புகிறவர்கள் அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள். இருந்தால் யாருக்கும் ஃபார்வர்டு செய்ய மாட்டேன், சொந்தத் தம்பி மகள் ஜாதகமாக இருந்தாலும் சரி.