செல்லுக்கு மருந்தா?

ஓட்டப்பிடாரம்னா எல்லாருக்கும் வ.உ.சி.தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது செல்லு பத்தி, அதாங்க கரையான்.

எங்க பக்கம் மானாவாரி. மழை ஏமாத்தி பயிர் வாடினா செல்லு ஏறிடும். உடனே குளோர்பைரிபாஸ் வாங்கி காடு முழுக்க ஊத்துறோம். ஒரு காலத்துல ஆல்ட்ரின் ஊத்தினாங்க, அதுக்குத் தடை வந்துச்சு. இப்ப 2025-ல் குளோர்பைரிபாஸும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு (சில விலக்குகளோடதான்).

செல்லுக்குப் பிடிச்சதே காய்ஞ்ச சருகும் கட்டையும் சரியா மக்காத சாணமும்தான். பாதி மக்கின குப்பையைக் கொட்டி விருந்து வெச்சுட்டு, வந்தவன் மேல விஷத்தை ஊத்துறது என்னங்க நியாயம்? குப்பையை நல்லா மக்க வெச்சு போடுங்க. அடியுரமா வேப்பம்புண்ணாக்கு போடுங்க. வரப்புல இருக்கிற புத்தை வெட்டினா ராணியை எடுக்கிற வரைக்கும் வெட்டணும், மேல தட்டிவிட்டா மறுபடி கட்டிரும். அப்படியும் அடங்கலையா, மருந்தைப் புத்துக்குள்ள மட்டும் ஊத்துங்க.

பயிர்ப் பக்கம் வராத புத்தை விட்டுருங்களேன். வல்லநாடு மாதிரி முள்ளுக்காட்டுல சருகை மண்ணாக்குறதே இதுங்கதான். மழைக்கப்புறம் புத்துக்காளானும், வறுத்துத் தின்கிற ஈசலும் அங்கேருந்துதானே வருது? மருந்து ஊத்தின காட்டு ஈசலை யாரு குடுத்தாலும் நான் தொட மாட்டேன் சாமி.