ஈக்குவலைசரா, சப்வூபரா?

வீட்டிலிருந்து இசை கேட்கும் வழக்கம் நம்மவரிடையே நன்கு வேரூன்றியதாகும். முன்னர் வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் நல்கிய இன்பத்தை இன்று கைத்தொலைபேசியும் சிறிய ஒலிபெருக்கிகளும் நல்குகின்றன. கையிலுள்ள பணம் ஒரு கருவிக்கே போதுமாயின், ஈக்குவலைசரை வாங்குவதா, சப்வூபரை வாங்குவதா என்னும் வினா எழுதல் இயல்பு. ஒன்றன் வேலையை மற்றது செய்யும் என்று எண்ணுவதே இம்மயக்கத்தின் மூலம். அவ்வெண்ணம் பிழையென்பது எமது துணிபு.

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேட்ஸ் முதல் 20,000 ஹேட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. ஈக்குவலைசர் இவ்வெல்லையைப் பல கூறுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் வேண்டியவாறு உயர்த்தவும் தாழ்த்தவும் இடமளிப்பது. சப்வூபரோ, பெரும்பாலும் 80 அல்லது 100 ஹேட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை எழுப்புதற்கென்றே அமைந்த தனி ஒலிபெருக்கி. முன்னது உள்ளதைச் செப்பனிடும். பின்னது இல்லாததைத் தரும்.

இவ்வேறுபாட்டை உணராதார், நான்கங்குல ஒலிபெருக்கியில் முழக்கம் போதாதென்று ஈக்குவலைசரின் தாழ்ந்த கூற்றை உச்சத்துக்கு ஏற்றுவர். இது குருவியின் தலையிற் பனங்காயை வைப்பதாகும். 10 டெசிபெல் உயர்த்துதற்குப் பத்து மடங்கு மின்வலு வேண்டும். மீடிறன் பாதியாகக் குறையுமாயின், அதேயளவு ஒலியழுத்தத்தை எழுப்ப ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். அசைய இயலாத கூம்பு கரகரக்கும். ஈற்றிற் பழுதுபடவுங் கூடும்.

அங்ஙனமாயின், சப்வூபரால் எல்லாக் குறையும் தீருமோ எனின், தீராது. பாடகர் குரல் மூக்கடைத்தாற்போல ஒலிப்பதும், வயலினோசை செவியைக் குத்துவதும் அதன் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை. அன்றியும், 12 அடி நீளமான அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹேட்ஸ் ஒலி மோதி மீண்டு, சுவரோரத்தில் மிகுந்தும் நடுவிடத்தில் நலிந்தும் நிற்கும். மிகுந்ததை ஈக்குவலைசர் அடக்கும். நலிந்ததை அதனாலும் நிறைத்தல் அரிது. நாற்காலியையோ ஒலிபெருக்கியையோ சற்று நகர்த்துவதே ஆங்குச் செய்யத்தக்கது. அதற்குச் செலவில்லை.

ஆதலின், நாம் கேட்பது யாது என்பதே தீர்ப்புக்கு உரைகல். ஒன்றாங்கட்டைச் சுருதியில் ஆதார சட்சம் ஏறத்தாழ 131 ஹேட்ஸ். மந்தர சட்சம் 65 ஹேட்ஸ். வாய்ப்பாட்டு இதனினுங் கீழே செல்வது அரிது. மேனாட்டு டபிள் பேஸின் தாழ்ந்த தந்தியோ 41 ஹேட்ஸ். பியானோவின் கடைசிச் சுரம் 27.5 ஹேட்ஸ். திரைப்படத்து வெடியோசை இன்னும் தாழ்ந்து செல்லும். எனவே பாட்டும் வீணையும் நாதசுரமும் விரும்புவோர்க்கு ஈக்குவலைசரே முற்பட வேண்டுவது. அதுவும் பல கைத்தொலைபேசிகளில் விலையின்றியே அமைந்துள்ளது. மேனாட்டுப் பல்லியத்தையும் திரைப்படத்தையும் விரும்புவோர்க்குச் சப்வூபர் வீண்செலவன்று.

மூத்த பழைய மாணவர்க்கு ஒரு சொல். முதுமையில் முதலிற் குன்றுவது உயர்ந்த மீடிறனைக் கேட்கும் ஆற்றலே. சொற்களின் மெய்யொலிகள் தெளிவின்றி மழுங்குதற்கு அது ஒரு காரணம். ஈக்குவலைசரின் மேற்கூற்றைச் சிறிது உயர்த்தின், பலருக்குப் பேச்சுத் தெளிவுறும். முழக்கத்தை மிகுவித்தலோ சொல்லை மேலும் மூடும்.

இளைஞர்க்கும் ஒன்று கூறுதும். தாழ்ந்த ஒலி சுவரை எளிதிற் கடக்கும். அயல் வீட்டிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு உமது இன்பம் துன்பமாதல் தகாது.

முதலில் இடத்தை மாற்றுக. அடுத்து, மிகையைக் குறைக்க ஈக்குவலைசரைக் கையாளுக. அதன் பின்னும் அடித்தளம் இல்லையெனத் தோன்றினாற் சப்வூபரை நாடுக. இம்முறை பணத்தையும் காக்கும்; இசையையும் காக்கும்.