45 ஹெச்.பி டிராக்டரை 16 ஹெச்.பி ‘குட்டி யானை’ முந்துவது எப்படி?

திருச்சியிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் அறுவடைக் காலத்தில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் ஒரு டிராக்டர் 20 கி.மீ வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஹாரன் அடித்தபடி ஒரு குட்டி யானை அதை முந்திக்கொண்டு போகும்.

அந்த டிராக்டரின் இன்ஜின் 45 ஹெச்.பி. 2005-ல் டாடா முதன்முதலில் இறக்கிய ஏஸ் வண்டியின் இன்ஜின் 702 சிசி, வெறும் 16 ஹெச்.பி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு சக்தி உள்ள வண்டி ஏன் பின்தங்குது?

இது சும்மா பொது அறிவுக் கேள்வி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. டிராக்டர் டயர், டியூபுக்கான வரி 18-லிருந்து 5. சிறு சரக்கு வாகனங்களுக்கு 28-லிருந்து 18. வரி சேர்க்காத விலை 7 லட்சம் என்றால், டிராக்டரில் மட்டும் 49,000 ரூபாய் மிச்சம். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பலருக்கு “டிராக்டர் ஒண்ணு எடுத்துப் போடலாமாப்பா?” என்று சிவகங்கைப் பக்கத்திலிருந்து அப்பாவின் போன் வருவதற்கு ஏற்ற நேரம்தான். போனை எடுப்பவர் உடனே கூகுளில் தேடுவது ஹெச்.பி-யைத்தான். தப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

இழுவையா, வேகமா?

ஹெச்.பி என்பது ஒரு பட்ஜெட் மாதிரி. அதை இழுவையாகவும் செலவழிக்கலாம், வேகமாகவும் செலவழிக்கலாம். ரெண்டையும் ஒரே நேரத்தில் முழுசாக வாங்க முடியாது. எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை கியர் பாக்ஸ் தீர்மானிக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. ஹெச்.பி-யை 270-ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை கி.மீ வேகமோ அதனால் வகுத்தால், எத்தனை கிலோ இழுவை கிடைக்கும் என்று வந்துவிடும். 45 ஹெச்.பி இன்ஜினில் கியரிலும் டயரிலும் வீணானது போக கொக்கிக்கு 30 ஹெச்.பி வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கி.மீ வேகத்தில் உழும்போது 1,620 கிலோ இழுவை. அதே வண்டியை 25 கி.மீ-க்கு விரட்டினால் 324 கிலோதான்.

குட்டி யானைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சக்கரத்துக்கு 13 ஹெச்.பி வந்தாலும், 60 கி.மீ வேகத்தில் இழுவை 60 கிலோகூட இல்லை. ஆனால் சமதளத் தார்ச்சாலையில் முக்கால் டன் சரக்கோடு உருண்டு போக அது போதும். காய்ந்த செம்மண்ணில் 9 கொத்துக் கலப்பையை இழுக்க அரை டன்னுக்கு மேல் தேவைப்படலாம். குட்டி யானையை வயலில் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹெச்.பி கூடினால் உழவு கூடுமா?

மேலே வந்த 1,620 கிலோ காகிதத்தில்தான். இந்த வகை டிராக்டரின் எடையே சுமார் 2 டன். பொலபொலப்பான மண்ணில், பின் சக்கரங்கள் மீது இறங்கும் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் இழுவையாக மாற்ற முடியும். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். டீசல் எரியும், டயர் தேயும், வண்டி நகராது.

அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள் பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறார்கள், முன்பக்கம் இரும்பு எடை மாட்டுகிறார்கள். சேற்றுழவுக்குக் கேஜ் வீல். நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல்களுக்கு மவுசு கூடியதும் இதனால்தான். எடையும் பிடிப்பும் இல்லாமல் இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால், மெதுவான உழவில் அந்தக் கூடுதல் ஹெச்.பி சும்மா உட்கார்ந்திருக்கும்.

ரோட்டவேட்டர் கதை வேறு. அதற்குச் சக்தி போவது சக்கரம் வழியாக இல்லை, பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பி.டி.ஓ தண்டு வழியாக. இங்கே ஹெச்.பி நேரடியாக வேலைக்கு வரும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இன்ஜின் ஹெச்.பி. பி.டி.ஓ-வுக்குக் கிடைப்பது பொதுவாக அதில் 85 முதல் 90 சதவீதம். ஷோரூமில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

மாடல் பட்டியலைப் பார்த்தால் 47, 49 என்று 50-ஐத் தொடாமல் நிற்கும் வண்டிகள் நிறைய இருப்பதும் தற்செயல் இல்லை. 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதிமுறை வந்தது. அதற்கு எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுடன் கூடிய இன்ஜின் வேண்டும், விலை ஏறும். 50-க்குக் கீழே அந்தச் செலவு இல்லை.

மழை பெய்த மறுநாள்

சிவகங்கை மாவட்டத்தில் பெரும்பகுதி மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் ஊர்கள் அதிகம். மழை பெய்து மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழவு முடிய வேண்டும். காய்ந்தால் கட்டி, நனைந்தால் சேறு. அந்த நாட்களில் ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். வேகத்துக்கு வயலில் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. 5 அடி ரோட்டவேட்டர் 3 கி.மீ வேகத்தில் போனால், திரும்புகிற நேரம் போக, மணிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் முடியும். 6 கி.மீ-க்கு விரட்டினால் இரண்டு ஏக்கரை நெருங்கலாம். பிளேடு சுற்றும் வேகமோ மாறாது. ஒவ்வொரு வெட்டும் இரண்டு மடங்கு நீளமாகிவிடும். மண் பொடியாகாமல் கட்டி கட்டியாக விழும், விதை முளைப்பதும் சீராக இருக்காது.

வாடகை பேசும் முறையும் இதில் விளையாடும். ஏக்கர் கணக்கில் பேசினால் டிரைவருக்கு அவசரம். மணிக் கணக்கில் பேசினால் விவசாயிக்கு அவசரம். “என்னப்பா, மீட்டர் ஓடுது, வண்டி ஓடலையே” என்று வரப்பில் நின்று சண்டை போடுவது இதற்குத்தான். நியாயம் ரெண்டு பக்கமும் இருக்கு. எத்தனை சால், எவ்வளவு ஆழம் என்று முதலிலேயே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அப்போ ரோட்டில் ஏன் இத்தனை டிராக்டர்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டினால், பல லட்ச ரூபாய் வண்டிக்கு வருடத்தில் சில நாள்தான் வேலை. தவணையோ நிற்காது.

ஆகவே வாடகை உழவு, அது முடிந்தால் லோடு. கண்மாய் வண்டல், செங்கல், வைக்கோல், படமாத்தூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு. மண்ணுக்காக வாங்கிய வண்டி ரோட்டில்தான் தவணை கட்டுகிறது. ஊர் விட்டு ஊர் போகச் சீக்கிரம் போகணும், லோடும் கூட ஏத்தணும். “இது எவ்வளவு ஸ்பீடு போகும்?” என்ற கேள்வி பிறப்பது இங்கே.

பொதுவாக இந்த டிராக்டர்கள் 30 கி.மீ-யை ஒட்டியே நிற்பது இன்ஜினின் பலவீனம் இல்லை. பின் அச்சில் ஸ்பிரிங் கிடையாது. பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும். பல டிரெய்லர்களில் அதுவும் இல்லை. நிறுத்தும்போது பின்னால் இருக்கும் 5 டன் லோடு டிராக்டரை முன்னே தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. வேகமான டிராக்டர் செய்ய முடியாது என்பதில்லை. பிரிட்டனில் ஜேசிபி நிறுவனம் 2019-ல் மாற்றியமைத்த ஃபாஸ்ட்ராக் டிராக்டர் சராசரி 217 கி.மீ வேகம் தொட்டு கின்னஸ் சாதனை செய்தது. வழக்கமாக விற்கும் ஃபாஸ்ட்ராக்கிலேயே முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு. அந்த விலைக்கு நம்மூரில் யார் வாங்குவார்?

லைசென்ஸ் விஷயத்திலும் ஒரு குழப்பம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 7,500 கிலோவைத் தாண்டாத டிராக்டரும் இலகுரக வாகனம்தான். அந்த லைசென்ஸ் இருந்தால் இதே எடை வரம்புக்குள் வரும் சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆக, காருக்கு எடுத்த லைசென்ஸோடு பொங்கல் லீவில் ஊருக்கு வரும் பையன் டிராக்டரில் ஏறி உட்காரலாம். ஆனால் அதில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் பெடல் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா? வயலில் சட்டென்று திருப்ப அது வசதி. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைக்கணும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

இழுவையிலும் ஆபத்து இருக்கிறது. பின் சக்கரம் சேற்றில் சிக்கியிருக்கும்போது முதல் கியரில் கிளட்சைப் படாரென்று விட்டால், சுற்ற முடியாத சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் முன்பக்கம் மேலே கிளம்பும். ஓட்டுபவர் மேலேயே வண்டி மல்லாந்து விழும். ரிவர்ஸில் எடுத்துப் பார்ப்பதும், இன்னொரு வண்டியைக் கூப்பிடுவதும் நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அதுதான் வழி.

ஆட்களை ஏற்றுவது இதைவிட மோசம். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். நாத்து நட, களை எடுக்க ஆட்களை டிரெய்லரிலும் மட்கார்டிலும் ஏற்றிப் போவது நம்மூரிலும் நடக்கிறது. மட்கார்டில் உட்கார்ந்து வந்தவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மறுத்து நீதிமன்றம் வரை போன வழக்குகள் பல.

இரவில் கார் ஓட்டுபவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கார் 90 கி.மீ, முன்னால் டிரெய்லர் 20 கி.மீ. இடைவெளி நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் சுருங்கும். 100 மீட்டரில் கண்ணில் பட்டால் கையில் இருப்பது 5 நொடி. பின் விளக்கு எரியாத, வைக்கோல் பிதுங்கிய டிரெய்லர் 100 மீட்டரில் தெரியாது. 40 மீட்டரில் தெரிந்தால் 2 நொடி. பிரதிபலிக்கும் சிவப்பு ஸ்டிக்கரின் விலை சில நூறு ரூபாய்.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வது?

நிலம் இரண்டு மூன்று ஏக்கர்தான், வாடகைக்கு ஓட்டும் எண்ணமும் இல்லை என்றால், டிராக்டரை வேளாண் பொறியியல் துறையிடமோ உள்ளூரிலோ வாடகைக்கு எடுப்பதே கட்டுப்படியாகும். தோட்டத்துக்கும் களை வேலைக்கும் பவர் டில்லர் போதும். மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் பிரச்சினை என்றால் குட்டி யானை.

வாடகைக்கும் சேர்த்து டிராக்டர்தான் என்று முடிவானால், டீலரிடம் கியர் வாரியான வேக அட்டவணையைக் கேட்டு வாங்கணும். பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல. 2 முதல் 6 கி.மீ-க்குள் எத்தனை கியர் இருக்கு, 540 பி.டி.ஓ-வில் எத்தனை ஹெச்.பி, எடை எவ்வளவு, இந்த மூன்றையும்தான். டிரெய்லர் தனியாகச் செய்யக் கொடுக்கும்போது பிரேக் வைத்துத் தரச் சொல்வதற்குக் கூடுதல் செலவு ஆகும். டயருக்கு இறங்கிய வரியில் மிஞ்சும் காசை அதில் போடலாம்.