கொன்ஸ்டபிளின் உயிருக்குப் பொறுப்பாளி யார்?

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 21ஆம் நாளன்று, கடமையின்போது உயிர்நீத்த தம் தோழர்களை இலங்கைப் பொலிசார் நினைவுகூருகின்றனர். 1864ஆம் ஆண்டு அந்நாளிலேதான், சரதியேல் என்னும் பேர்போன கொள்ளைக்காரனைக் கைது செய்ய மாவனல்லைக்குச் சென்ற சபான் என்னும் மலாய்க் கொன்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். கைது செய்யப் போகின்றவனின் எதிரே காலன் நிற்கலாம் என்பது, இந்நாட்டில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இரத்தத்தால் எழுதப்பட்ட பாடம்.

தமிழன் பொலிசைப் பற்றி எழுதினால் வசைபாடவே எழுதுவான் என்று கொழும்பிலே சிலர் எண்ணக்கூடும். இன்று யாம் வசைபாட வரவில்லை. வீதியோரத்தில், மழையிலும் வெயிலிலும், இருளிலும் தூசியிலும் நின்று வாகனங்களை மறிக்கும் அந்தச் சாதாரணக் கொன்ஸ்டபிளின் உயிரைப் பற்றியே எழுதப் புகுந்தோம். அவ்வுயிருக்கு ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த ஆபத்தை வளர்த்துவிட்டவர் யார் என்பதே எம் கேள்வி.

ஆபத்து மெய்யானது

நிறுத்தப்பட்ட வண்டிக்குள் இருப்பவன் யார் என்பதைக் கொன்ஸ்டபிள் அறியான். குடித்தவனா, கள்ளனா, அல்லது நெல்மூட்டையோடு வீடு திரும்பும் கமக்காரனா என்பது கதவருகே செல்லும்வரை அவனுக்குத் தெரியாது. நிற்கச் சொன்னால் நிற்காமல் ஆளை மோதிச் செல்லும் டிப்பர்களும் உண்டு. பின்னால் வரும் லொறியின் சாரதி கண்ணயர்ந்தால், மறித்தவனும் மறிக்கப்பட்டவனும் ஒன்றாகவே மடிவர். இவற்றை மறுப்பவன் வீதியில் இறங்கி நடவாதவன்.

நல்லூரிலே 2017ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் நடந்ததை யாழ்ப்பாணம் மறந்துவிடவில்லை. மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் அவர்களின் வாகனம் செல்வதற்காகச் சந்தியிலே போக்குவரத்தைச் சீர்செய்ய முயன்ற மெய்ப்பாதுகாவலரின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை ஒருவன் பறித்தான், அதனாலேயே சுட்டான். சிலாபத்தைச் சேர்ந்த அந்தச் சிங்களச் சார்ஜன்ட் உயிர் துறந்தார். தமிழ் நீதிபதி அவருடைய மனைவியின் முன் பணிந்து கதறி அழுததை நாடே கண்டது. அந்தக் கண்ணீரில் இனம் இருந்ததா? மொழி இருந்ததா?

நண்பர்களே, இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சார்ஜன்டிடம் துப்பாக்கி இருந்தது. அத்துப்பாக்கி அவரைக் காக்கவில்லை. அதுவே அவருக்கு யமனாயிற்று.

துப்பாக்கி தந்த விடை

ஆபத்து மெய்யானது என்று யாம் கூறியதும், "அப்படியானால் பொலிசுக்கு இன்னும் கூடிய அதிகாரம் வேண்டும், கூடிய ஆயுதம் வேண்டும், கூடிய காவலரண் வேண்டும்" என்று ஒரு கூட்டம் உரத்துக் கூவும். இக்கூற்றை நியாயத் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்போம். சான்றுகள் நம் மண்ணிலேயே உள்ளன.

முதலாவது சான்று கொக்குவில், குளப்பிட்டிச் சந்தி. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் இரவு, மோட்டார் சைக்கிளிற் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். விபத்து என்றே முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையின்போது துப்பாக்கிக் காயம் வாய் திறந்து பேசிற்று. அதன் பின்னரே பொலிசார் ஐவர் கைது செய்யப்பட்டனர். நிறுத்தாமற் சென்றமைதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், நிறுத்தாத குற்றத்துக்கு மரண தண்டனை என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? கைது செய்வதற்கு வேண்டிய அளவு பலத்தையே சட்டம் அனுமதிக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு இரண்டு இளம் உயிர்கள் வேண்டுமா?

இரண்டாவது சான்று மட்டக்களப்பு, வவுணதீவு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், வலையிறவுப் பாலத்தருகே காவற் கடமையில் இருந்த கொன்ஸ்டபிள்கள் இருவர் படுகொலை செய்யப்பட்டனர். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். கொலையாளிகள் அவர்களுடைய ஆயுதங்களையே கவர்ந்து சென்றனர். உடனே நடந்தது என்ன? மாவீரர் நாள் கழிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. ஆகவே கொன்றவர்கள் முன்னாட் புலிகளே என்று முடிவு கட்டப்பட்டது. புனர்வாழ்வு பெற்று வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தமிழன் பிடித்து அடைக்கப்பட்டான். மாதங்கள் உருண்டன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களும் விடுதிகளும் வெடித்துச் சிதறின; இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் நடந்த விசாரணையிலேதான், வவுணதீவுக் கொலையையும் சஹ்ரானின் கூட்டமே செய்தது என்பது வெளியாயிற்று. அடைக்கப்பட்டிருந்த தமிழன் மே மாதத்தில் விடுவிக்கப்பட்டான்.

கொன்ஸ்டபிள்கள் இருவரின் இரத்தம் காயுமுன்னரே, அவர்களைக் கொன்றவர்களைத் தேடும் கடமை கைவிடப்பட்டு, வசதியான பகைவனைத் தேடும் வேலை தொடங்கிற்று. பழைய சந்தேகத்தைக் கண்ணாடியாக அணிந்தவர்களுக்குப் புதிய கொலைஞன் தென்படவில்லை. அன்றே உண்மை துலங்கியிருப்பின், ஏப்ரலின் அழிவைத் தடுக்க ஒரு வழியேனும் பிறந்திருக்கும் அன்றோ? இனக் கண்ணாடி தமிழனுக்கு மாத்திரம் தீங்கு செய்வது என்று எண்ணியிருந்தவர்கள், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் அதன் விலையைக் கண்டனர்.

நல்லூரில் துப்பாக்கி பறிக்கப்பட்டது. குளப்பிட்டியில் துப்பாக்கி மாணவர்களைக் கொன்றது. வவுணதீவில் துப்பாக்கி காவலர்களைக் காக்கவில்லை. மூன்று இடங்களிலும் ஆயுதம் அளித்த விடை ஒன்றே.

மொழி என்னும் கேடயம்

கொன்ஸ்டபிளுக்குப் பாதுகாப்பு எதிலே உள்ளது? அவன் நாவிலே உள்ளது என்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வன்னிக் கமக்காரர் ஒருவர், வயது அறுபதைக் கடந்தவர், மாலை மங்கும் வேளையில் உழவு யந்திரத்தில் வந்துகொண்டிருந்தார். வீதியோரப் பற்றைக்கருகில் நின்ற இளம் கொன்ஸ்டபிள் ஒருவர் கைகாட்டினார். பெரியவர் நிறுத்தினார். சிங்களத்தில் ஏதோ கேட்கப்பட்டது; இவருக்கு விளங்கவில்லை. பத்திரங்களைத்தான் கேட்கிறார் என்று ஊகித்து, ஆசனத்தின் கீழிருந்த பெட்டியைத் திறக்கக் குனிந்தார். கொன்ஸ்டபிள் அஞ்சினார்; துப்பாக்கியை நீட்டினார்; கூச்சலிட்டார். பெரியவர் அச்சத்தில் வண்டியிலிருந்து குதித்தார். கால் முறிந்தது. கடமைக்கு இடையூறு செய்ததாக அவர்மீதே குற்றம் சுமத்தப்பட்டது. நீதவான் முன்னிலையில் அந்தக் கொன்ஸ்டபிளை யாம் குறுக்கு விசாரணை செய்தபோது, "பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தமிழிற் கேட்க எனக்குத் தெரியவில்லை" என்று அவர் நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்.

அந்த இளைஞரை யாம் வெறுக்கவில்லை. அவர் காலியிலோ மாத்தறையிலோ ஓர் ஏழைக் கமக்காரனின் மகனாயிருக்கக்கூடும். ஒரு சொல் தெரியாத நிலையில் ஒரு துப்பாக்கியை மட்டும் கொடுத்து அவரை வன்னிக்கு அனுப்பியவன் எவனோ, அவனே எதிரி. விரல் அசைந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். கொன்றவர் என்ற பழியோடு மற்றோர் உயிர் சிறையில் வாடியிருக்கும்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வீதியில் நிறுத்தப்பட்ட பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பினத்தவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை முன்கூட்டியே சொல்லியும், கையை அசைத்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரி, அச்சத்தாற் சுட்டேன் என்றார். ஜூரிமார் அவரை விடுவித்தனர். வண்டியிலிருந்து சாரதியை இறங்கச் சொல்லப் பொலிசுக்கு அதிகாரமுண்டு என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் அதிகாரியின் பாதுகாப்பே. அதிகாரம் வளர்ந்தது, அச்சம் தணியவில்லை. ஒரே மொழி பேசுவோரிடையே இத்தகைய அனர்த்தம் நேருமாயின், மொழியே அற்ற இடத்தில் என்னதான் நேராது?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தை மீறுமாறு யாம் யாரையும் தூண்டவில்லை. உள்ள சட்டத்தைச் செயற்படுத்துங்கள் என்றே கேட்கிறோம்.

கைது செய்யப்படுபவனுக்கு அதற்கான குற்றச்சாட்டின் தன்மையை அறிவிக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு விதிக்கிறது. அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையும் கைதுக்கான காரணத்தை அறிவிக்கக் கட்டளையிடுகிறது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1947ஆம் ஆண்டில், கிறிஸ்டி எதிர் லீச்சின்ஸ்கி வழக்கில் வகுத்த நெறியும் இதுவே. பிடியாணை இன்றிச் செய்யப்படும் கைதுகளை நீதிமன்றங்கள் விழிப்போடு ஆராய வேண்டும் என்று நம் நாட்டு நீதியரசர் கிரேஷியன், 1951ஆம் ஆண்டிலேயே முத்துசாமி எதிர் கன்னங்கரா வழக்கில் வலியுறுத்தினார்.

அறிவித்தல் என்றால் என்ன? கேட்பவனுக்கு விளங்காத மொழியில் ஒலி எழுப்புவது அறிவித்தலாகுமா? விளங்கும் மொழியிலேயே காரணம் கூறப்பட வேண்டும் என 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம், வடக்குக் கிழக்கில் நிருவாகமும் பொதுப் பதிவேடுகளும் தமிழில் நடைபெற வேண்டும் என்றது. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் இருத்தல் வேண்டும் என 2011ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. எழுத்திலே குறைவில்லை; எண்ணத்திலேதான் குறைவு.

காரணம் கேட்ட மனிதன் அடங்குகிறான். காரணம் அறியாதவன் பதறுகிறான், ஓடுகிறான், எதிர்க்கிறான். ஆகவே 23ஆம் பிரிவு கைது செய்யப்படுபவனுக்கு மாத்திரம் உரிய காப்பு அன்று. கைது செய்பவனுக்கும் அதுவே முதற் கவசம். இதைக் கொழும்பு என்று உணருமோ?

செய்ய வேண்டியவை

ஒன்று: தமிழ்ப் பிரதேசங்களில் வீதிக் கடமையில் நிற்கும் ஒவ்வொரு குழுவிலும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இரண்டு: வாக்குமூலமும் தண்டப் பத்திரமும் தமிழில் அமைதல் வேண்டும். மூன்று: பற்றைக்குப் பின்னிருந்து பாய்ந்து மறிக்கும் பழக்கம் ஒழிய வேண்டும், வெளிச்சமுள்ள இடத்தில், தூரத்திலிருந்தே தெரியும் மேலங்கியுடனும் விளக்குடனும் நின்று மறித்தல் வேண்டும். நான்கு: 13ஆம் திருத்தத்தில் எழுதப்பட்டு 1987 முதல் ஏட்டிலேயே உறங்கும் மாகாணப் பொலிஸ் அதிகாரம் நடைமுறைக்கு வருதல் வேண்டும். தன் ஊரையும் தன் மக்களையும் அறிந்த காவலனுக்கு, அறியாதவனுக்குள்ள அச்சம் ஏது?

நமக்கும் கடமை உண்டு. இரவோடிரவாக மணல் ஏற்றி, மறிக்கும் பொலிசை மோதிவிட்டு ஓடுபவன் தமிழ் வீரன் அல்லன். நம் ஆற்றையும் அழித்து, நம் வழக்கையும் கெடுக்கும் துரோகி. அவனுக்காக வாதாட இப்பத்திரிகையில் ஒரு வரியும் இடம்பெறாது. கைகாட்டினால் நிறுத்துங்கள். இரவாயின் உள்விளக்கை ஏற்றுங்கள். கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டு, பத்திரம் இருக்குமிடத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள். காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள்; ஆயினும் கேட்காமல் விடாதீர்கள். உரிமை மீறப்பட்டால் வீதியிற் சண்டையிடாது, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுங்கள். ஒரு மாத காலத்துள் நாடவேண்டும் என்பதை மறவாதீர்கள். கமக்காரனிடம் பணம் இல்லையெனின், அவ்வழக்கை ஏற்பது எம்போன்ற சட்டத்தரணிகளின் கடன்.

இனி அரசாங்கத்தை நோக்கி ஒரு வார்த்தை. கடமையில் மாண்ட கொன்ஸ்டபிளுக்கு ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறீர்கள்; நன்று. வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பும் ஒவ்வோர் இளைஞனுக்கும், அம்மக்களோடு பேசுவதற்கு வேண்டிய மொழியை முதலிற் கொடுங்கள். அதைக் கொடாமல் அவனை இருளிலே நிறுத்திவிட்டு, அவன் மாண்ட பின் எம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அந்தக் கூண்டிலே நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.